மூன்றாவது கோடு

நான் சாமியைத் திருடினேன்.

உண்டியலை அல்ல, நகையை அல்ல. சாமியையே திருடினேன். ஏழு கன்னிமாரையும் அவர்கள் இருந்த இடத்திலிருந்து என் மாந்தோப்புக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். அதனால் ஒருத்தியின் வீடும் கிணறும் போகப்போகின்றன. அவள் பெயர் செங்கம்மா. நான் செய்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ... நினையுங்கள். நல்லவள் என்று நினைக்க வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். மூன்றாவது வரை தமிழ்ப் பள்ளி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு பஸ் பலகையும் காலண்டர் தாளும்தான் பாடம். எங்கள் பக்கம் ஆபீஸ் காகிதமெல்லாம் தெலுங்கு; அது எனக்குப் பேச வரும், படிக்க வராது. ஆனாலும் நான் கைநாட்டு வைத்ததில்லை. ஒருநாளும் வைத்ததில்லை! எந்தக் காகிதத்தை நீட்டினாலும் என் பேரைத் தமிழில் எழுதிவிட்டுத்தான் நிமிர்வேன். எதிரில் இருப்பவன் காத்திருக்கட்டும்.

அந்தத் திமிர்தான் இத்தனைக்கும் காரணம். வேறு யாரைக் குற்றம் சொல்வேன்?

ஆந்திராவில், நகரிக்குக் கிழக்கே எங்கள் ஊர். என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தோப்பம்மா என்பார்கள். சிறிசு, பெரிசு, சச்சிவாலயம் என்கிற ஊர் ஆபீசில் வேலை பார்க்கும் பெண்கள்வரை எல்லோருக்கும் நான் தோப்பம்மாதான். பெங்களூராவும் நீலமுமாக என் வீட்டுக்காரர் வைத்த மரங்கள். அவர் போன பிறகு தனி ஆளாக நின்று நான் காப்பாற்றிய மரங்கள். சித்திரையில் அந்தத் தோப்புக்குள் நடந்தால் காய்கள் தோளில் இடிக்கும். அந்த இடி எனக்குப் பெருமை.

கார்த்திகை மாதம் இரண்டு ஆட்கள் வந்து என் தோப்புக்குள் சிவப்புச் சாயம் பூசின முளைகளை அடித்தார்கள். பெரிய கரண்ட் லைன் வரப்போகிறதாம். ஆள் உயரம் இல்லை, மலை உயரக் கம்பங்கள். கம்பிக்கு அடியில் மரம் நிற்கக் கூடாது, வீடு இருக்கக் கூடாது. எத்தனை மரம் போகும் என்று கேட்டேன். ஒருவன் கையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வீசிக் காட்டினான். பாதித் தோப்பு அந்தக் கை வீச்சுக்குள் போய்விட்டது.

மோர் கொடுத்தேன். இரண்டு பேரில் வயசானவன் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவன்போலச் சொன்னான். இன்னும் முடிவாகவில்லையாம். வரைபடத்தில் மூன்று கோடு போட்டிருக்கிறார்களாம். முதல் கோடு நேராக என் தோப்பின் நடுவே போகிறது. இரண்டாவது மலைமேல் ஏறி, காட்டு இலாகா நிலத்தில் போகிறது. மூன்றாவது ஏரிக்கரையோடு வளைந்து, செங்கம்மாவின் வீடும் கிணறும் இருக்கிற நிலத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. திருப்பதி ஆபீசிலிருந்து ஒரு குழு வரும். எந்தக் கோட்டில் எத்தனை மரம், எத்தனை கிணறு, எத்தனை வீடு, பறவை கூடு கட்டும் இடம் உண்டா, சுடுகாடு உண்டா, கோயில் உண்டா என்று எழுதிக்கொண்டு போவார்கள். எதில் பாதிப்புக் குறைவோ அந்தக் கோடு நிற்கும்.

பிறகு சிரித்தபடி, “கோயிலு இருந்தா லைனு வளையும்மா. மாமரத்துக்கெல்லாம் வளையாது” என்றான்.

நானும் சிரித்தேன். அவன் போன பிறகு வெகுநேரம் அந்த முளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாதித் தோப்புக்காரியை யார் தோப்பம்மா என்பார்கள்? அதுதான் என் கவலை. வெட்கக்கேடு... மரங்களுக்காகக்கூட அல்ல, அந்தப் பேருக்காக!

எங்கள் ஊரில் கன்னிமாருக்குக் கோயில் கிடையாது. செங்கம்மாவின் கிணற்றடியில், ஒரு மண் மேடைமேல் ஏழு கற்கள். ஒவ்வொன்றும் கைக்கு அடங்கும். அந்த நிலம் அவள் மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்தது. அதற்கு முன்பிருந்தே கற்கள் அங்கே இருந்தன. ஆடியில் ஊரே அங்கே போய்ப் பொங்கல் வைக்கும். கூலிக்காரி நிலம் என்று அன்றைக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாருக்காவது கழனியிலோ தோப்பிலோ குறை வந்தால், கன்னிமாரைத் தங்கள் இடத்துக்கு அழைத்துவந்து மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். முறத்தில் நெல் பரப்பி, மஞ்சள் துணி விரித்து, ஏழு பேரையும் அதில் வைத்து, ஒரு பெண் தலைமேல் சுமந்து வரவேண்டும். வழியில் பேசக் கூடாது. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் அதேபோலக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். விடாமல் வைத்துக்கொண்டவர்கள் என்று எங்கள் ஊரில் யாரும் இல்லை.

நான் வரும்வரை இல்லை.

தை பிறந்தது. குழு வியாழக்கிழமை வருகிறது என்று சச்சிவாலயத்தில் சொன்னார்கள். புதன்கிழமை காலையில் செங்கம்மாவிடம் போனேன். மாம்பூ கருகுகிறது, நேர்ந்துகொண்டேன், கன்னிமாரை அனுப்பு என்றேன். பூ கருகவில்லை! அந்த வருஷம்போல் பூத்ததே இல்லை.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது வருஷம் என் தோப்பில் வேலை செய்தவள். எனக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது நாலு மாதம் என்னைக் குளிப்பாட்டியவள். கிணற்றில் நீர் இறைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு முறத்தைத் தானே தூக்கினாள். உன்னால் முடியுமா, வயசாகிறதே என்று கேட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சைகை காட்டிவிட்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். திருட்டுச் சாமானைப் பறிகொடுப்பவளே சுமந்துவர, திருடி கையை வீசிக்கொண்டு போனேன்... நினைத்துப் பாருங்கள்.

வியாழக்கிழமை அவள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். அதுவும் எனக்குத் தெரியும்.

குழுவில் ஒரு பெண் இருந்தாள். கழுத்தில் அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு போன். என் தோப்பில் மஞ்சளும் குங்குமமும் பூசின ஏழு கற்களையும் பொங்கல் பானையையும் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டாள். அம்மவாரா, அம்மன்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்றாள். என் மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்து என்றேன். வாய் குழறவில்லை. குரல் நடுங்கவில்லை. அவள் படம் எடுத்தாள், எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் மூன்றாவது கோட்டைப் பார்க்கப் போனார்கள். வழி காட்ட நானே கூடப் போனேன்! ஏரியில் கொக்கும் நாரையும் இறங்கும் இடத்தை அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். அந்த இடத்தில் கம்பியில் ஏதோ உருண்டைகள் தொங்கவிட்டால் பறவைக்குத் தெரியும் என்று கூட வந்தவரிடம் சொன்னாள். செங்கம்மாவின் கிணற்றடியில் மஞ்சள் கறையோடு வெறும் மண் மேடை இருந்தது. அதன்மேல் ஒரு கோழி நின்றிருந்தது. இது என்ன என்று அந்தப் பெண் கேட்டாள்.

துணி துவைக்கிற மேடை என்றேன்.

மூன்றாம் நாள் திருப்பி விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் போகும்போது, அறிக்கை எழுதுமுன் இன்னொரு தடவை வந்து சரிபார்ப்போம் என்றாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன் செங்கம்மா வந்தாள். தலை குளித்து, ஈரத்தோடு, முறத்துக்குப் புது நெல்லோடு வந்தாள்.

அப்போதுதான் இரண்டாவது திருட்டைச் செய்தேன். “செங்கம்மா, ராத்திரி கெனாவுல வந்தாங்க. ஏழு பேரும் வரிசையா நின்னாங்க. நாங்க இங்கியே இருந்துக்கறோம்னு சொன்னாங்க” என்றேன்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கற்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு சந்தேகம், ஒரே ஒரு சந்தேகம் அந்தக் கண்ணில் வந்திருந்தால் நான் அழுது காலில் விழுந்திருப்பேனோ என்னவோ. வரவில்லை.

“அவங்க இஷ்டம்க்கா” என்றாள். கொண்டுவந்த நெல்லைக் கற்களின் முன்னால் கொட்டிக் கும்பிட்டுவிட்டு, வெறும் முறத்தோடு போனாள்.

ஊருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். ஊருக்குத் தெரியும்! கற்கள் எங்கே இருந்தன என்று பால் குடிக்கிற பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் முதல் கோடு என் தோப்போடு நிற்கவில்லை. இன்னும் நாலைந்து பேர் கழனி அதன் கீழே இருந்தது. அவர்கள் என் கனவை என்னைவிட வேகமாக நம்பினார்கள்.

பங்குனியில் பள்ளிக்கூடத்தில் கிராம சபை கூடியது. அறிக்கையைத் தெலுங்கில் வாசித்தார்கள். இரண்டாவது கோட்டுக்குக் காட்டு மரங்கள் ஏராளமாகப் போகும், அதனால் வேண்டாம். முதல் கோட்டில் தலைமுறைகளாக வழிபடும் இடம் இருக்கிறது, ஊர் மனசு புண்படும், அதனால் வேண்டாம். மூன்றாவது கோட்டில் ஒரு வீடு, ஒரு கிணறு. பாதிப்புக் குறைவு.

குறைவு... அந்த வார்த்தையைக் கேட்டீர்களா? ஒரு வீடு, ஒரு கிணறு என்றால் குறைவுதான், யார் இல்லை என்றது! அது யாருடைய வீடோ அவளுக்கு அது மொத்தமும் அல்லவா?

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயராமன் குனிந்து மெதுவாக, “இன்னா தோப்பம்மா, லைனு வர்ற சேதி கன்னிமாருக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சாட்டம் கீது” என்றான். அவன் கழனியும் முதல் கோட்டில்தான் இருந்தது. சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். என் காது மட்டும் கொதித்தது.

செங்கம்மாவை எழுப்பி, உனக்கு ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். தலைமேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“அம்மாங்களே எய்ந்து போய்ட்டாங்க சார். நான் இன்னா சொல்றது” என்றாள்.

ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இருந்தாலும், எழுத்தில் ஆட்சேபணை கொடுக்க இன்னும் முப்பது நாள் இருக்கிறது, திருப்பதி ஆபீசில் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். கடைசி நாள் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை.

முப்பது நாள்! ஒரு பொய்யைத் திருப்பி எடுக்க முப்பது நாள் போதாதா? நான் ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றேன்.

அதற்குள்தான் எல்லாவற்றையும்விடக் கேவலமான காரியத்தைச் செய்தேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

செங்கம்மா வெள்ளிக்கிழமைதோறும் என் தோப்புக்கு வந்து கற்களுக்கு விளக்கு வைப்பாள். வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். தன் சாமிக்கு என்னிடம் உத்தரவு! ஒரு வெள்ளிக்கிழமை விளக்கை வைத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். அவங்க என்னை உட்டுட்டுப் போற மாதிரி நான் இன்னா தப்புக்கா பண்ணேன்?”

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாளே, வெள்ளிக்கு வெள்ளி கேட்பாளே... அந்தக் கேள்வியை எப்படியாவது மூடிவிட வேண்டும் என்று தோன்றியது.

“மூணு வருசம் முன்னாடி ஆடிக்கு நீ பொங்கல் வெக்கலியே” என்றேன்.

அவள் வீட்டுக்காரன் செத்த வருஷம் அது. துக்கத்தில் இருப்பவள் பொங்கல் வைக்கக் கூடாது. வைக்காதே என்று அந்த வருஷம் அவளிடம் சொன்னதே நான்தான்.

அவளுக்கு அது நினைவில்லையா, நினைவிருந்தும் என்மேல் போட மனசு வரவில்லையா, தெரியாது. ஆமாக்கா, ஆமாக்கா என்று தலையை ஆட்டினாள். இத்தனை நாள் பேர் தெரியாமல் இருந்த நோய்க்குப் பேர் கிடைத்துவிட்டதுபோல அவள் முகம் தெளிந்தது. திருமலைக்குப் போய் முடி கொடுத்து மன்னிப்புக் கேட்டுவருகிறேன் என்றாள். தப்பு கன்னிமாரிடம், மன்னிப்பு மலையிலா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அதைக் கேட்க வாய் உண்டா?

கடைசி நாளுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, இருவரும் ஒரே பஸ்ஸில் திருப்பதி போனோம். எனக்கு ஆபீசில் ஒரு வேலை என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அலிபிரி படியில் ஏறப்போகிறேன் என்றாள். எழுபதை நெருங்கும் கிழவி... வழியில் முழங்கால் மெட்டு என்கிற செங்குத்துப் படிகளில் முட்டிபோட்டு ஏறவேண்டும் என்றாள். பஸ் ஸ்டாண்டில் பிரிந்தோம். செருப்பைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அதிகாரி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். சத்திரத்தில் தங்கினேன். சொல்லவேண்டியதை மனசுக்குள் அடுக்கிவைத்தேன். அம்மா, கற்கள் என்னுடையவை அல்ல. கிணற்றடி மேடைதான் அவர்கள் இடம். நான் பொய் சொன்னேன். மூன்றே வாக்கியம். மூன்றையும் தெலுங்கில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். குழுவோடு வந்த அதே பெண் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். மேசையில் வரைபடத்தை விரித்து, என் தோப்பின்மேல் ஒரு சின்னக் கோயில் கோபுரம் வரைந்திருப்பதைக் காட்டினாள். கூட இருந்தவர்களிடம், இந்த அம்மாதான் அந்த அம்மவார்களைத் தலைமுறையாகக் காப்பாற்றுகிறவர் என்றாள். வரிசையில் நின்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கைகூப்பினார்!

என்ன விஷயம், அபியந்தரம் ஏதாவது உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆட்சேபணையை அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் சொன்னால் நானே எழுதிக்கொள்கிறேன், படித்துக் காட்டுகிறேன், கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள்.

இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வழி திறந்துவைக்க முடியும்? பேனா அவள் கையில். காகிதம் மேசையில். மூன்று வாக்கியம் என் நாக்கில்.

அந்தக் கூப்பின கை இறங்கவில்லை. அதைப் பார்த்தேன்.

“என் தோப்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நிச்சயம்தானே? அதைக் கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்” என்றேன்.

நிச்சயம் என்றாள். வந்ததற்குப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து கேட்டாள். போட்டேன். முழுப் பேரையும், ஒரு எழுத்து பிசகாமல்.

வெளியே வந்து வாசல்படியில் நின்றேன். திரும்ப உள்ளே போ, போடி, போடி என்று என்னை நானே திட்டினேன். சாப்பாட்டு நேரம் என்று கதவைச் சாத்தினார்கள். மறுபடி திறந்தார்கள். ஐந்து மணிவரை நேரம் இருந்தது. நான்கு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க ஆரம்பித்தேன்.

செங்கம்மா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை, அதில் சந்தனம், முட்டி இரண்டிலும் துணிக்கட்டு. சிரித்தாள். லட்டை உடைத்து, பெரிய பாதியை எனக்கு நீட்டினாள்.

“துன்னுக்கா. உனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கினேன்” என்றாள்.

தின்றேன். என்ன செய்வேன், வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்... தின்றேன்.

போன வேலை முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

கம்பத்துக்குக் குழி தோண்ட ஆனியில் ஆட்கள் வருகிறார்களாம். வீட்டுக்கு வேறு இடம் காட்டுகிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பஸ் கிளம்பியது. வடமாலப்பேட்டை தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். இரண்டு நாளாகப் படி ஏறி இறங்கின அலுப்பு. அந்த மொட்டைத் தலை சரிந்து சரிந்து, கடைசியில் என் தோளில் வந்து படிந்தது. சந்தனம் என் ரவிக்கையில் ஒட்டியது. தலையில் முடி இல்லாத ஒருத்தி இத்தனை கனம் கனப்பாளா? நான் அசையவில்லை. அசைந்தால் விழித்துவிடுவாள், விழித்தால் என்னைப் பார்ப்பாள்.

புத்தூரில் பஸ் குலுங்கி நின்றபோது கண்ணைத் திறந்தாள்.

“தோளு நோவுதாக்கா?” என்றாள்.

இல்லை என்றேன். அவள் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள்.